இன்னும் வரல

திருத்தணி பஸ் ஸ்டாண்டில் என் கரும்பு ஜூஸ் கடை மேல் ஒரு புகார் இருக்கிறது. ஜூஸைப் பற்றி இல்லை, என் வாயைப் பற்றி.

"வர்ற பஸ்ஸ எல்லாம் வராது வராதுன்னு சொல்லிகினு கீறியாமே பக்தா? நேத்து ஒரு அம்மா உன் பேச்ச கேட்டுகினு ஷேர் ஆட்டோல ஏறிப் போச்சு. ஆட்டோ திரும்பறதுக்குள்ள பஸ் வந்து நிக்குது. உனக்கு இன்னா கேடு?" என்று டைம் கீப்பர் துளசிங்கம் எல்லார் முன்னாலும் என் பேரைச் சொல்லிக் கத்தினார். அவர் ஒரு பங்கு கத்தினால் நான் இரண்டு பங்கு கத்துவேன், அது ஊருக்கே தெரியும். அன்றைக்குக் கத்தவில்லை. கரும்பை மெஷினுக்குள் விட்டு, அந்தப் பக்கம் சக்கை வருவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முன்பெல்லாம் நான் அப்படிச் சொல்கிறவன் இல்லை. பொதட்டூர்பேட்டை பஸ் வந்துச்சா என்று கேட்டால், "இன்னும் வரல, ஒரு ஜூஸ் குடிங்க" என்பேன். சோளிங்கர் பஸ்ஸா? "வரல, அப்டி நெழல்ல உக்காருங்க." வரல என்றால் என்ன அர்த்தம்? வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கேயோ ஒரு வளைவில் தூசியைக் கிளப்பிக்கொண்டு வருகிறது, கொஞ்சம் பொறுத்தால் கண் முன்னால் வந்து நிற்கும் என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் என் தங்கச்சி பிள்ளையைப் பறிகொடுத்தோம். இப்போது அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை.

என் தங்கச்சி அம்சாவைத் திருவாலங்காட்டில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை கஜபதிக்குக் கரும்பும் நெல்லும். என் கடைக்குக் கரும்பு அவன் கொல்லையிலிருந்துதான் வரும். மச்சான் முறைக்கு என்னை வாய்க்கு வாய் "பாவா, பாவா" என்று கூப்பிடுவான். குரல் உயர்த்தத் தெரியாதவன். அவனைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும், மனுஷன் என்றால் ஒரு நாளாவது கோபப்பட வேண்டாமா என்று. பல வருஷம் குழந்தை இல்லை. அம்சா ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. எல்லாரும் கேட்பதை நிறுத்திய பிறகு, இளம்பரிதி பிறந்தான்.

துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது முதலில் கண்ணில் பட்டது அவன் முடிதான். தலை நிறையக் கருகருவென்று முடி. முன்நெற்றிக்கு மேலே மட்டும் ஒரு கொத்து வெள்ளை வெளேரென்று நின்றது.

"இன்னாடா இது, பொறக்கும்போதே கெழவனா பொறந்துகீறான்?" என்றேன்.

படுத்திருந்த அம்சா அங்கிருந்தே முறைத்தாள். "வாய கழுவுண்ணா. முருகனே விபூதி பூசி அனுப்பிகீறான் எம்புள்ளைய."

வார்டில் இருந்த பெண்களெல்லாம் வந்து அந்த வெள்ளை முடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். அம்சாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. சரி, விபூதி பூசினான், இல்லையென்று சொல்லவில்லை. பூசியவன் வயிற்றைக் கொஞ்சம் பார்த்து அனுப்பியிருக்கக் கூடாதா?

பிறந்த குழந்தை முதலில் கறுப்பாக வெளியே போகும். இவன் போகவே இல்லை. குடித்த பாலைக் கக்கினான். பிறகு பச்சையாகக் கக்கினான். வயிறு உப்பி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. இங்கே பார்க்க முடியாது, சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். தையல் ஆறாத உடம்போடு அம்சா ஆம்புலன்ஸில் ஏறினாள்.

சென்னையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. படம் எடுத்தார்கள். பின்பக்கமாகக் குடலில் ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தவர் டாக்டர் நஸியா. சின்ன வயசு, முக்காடு போட்ட பெண். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"திருத்தணியா? நான் அரக்கோணம்ங்க. ஆடிக் கிருத்திகைக்கு எங்க வீட்டு வாசல்லதான் காவடி எல்லாம் போவும். எங்கப்பா தண்ணிப் பந்தல் போடுவாரு" என்றார். அதைக் கேட்டதும் எங்களுக்குப் பாதி பயம் போய்விட்டது. நம் பக்கத்து மனுஷி, நம் பேச்சு.

"காவடிக் கூட்டம் பாத்திருக்கீங்க இல்ல?" என்று அம்சாவைக் கேட்டார். "அந்த மாதிரிதாம்மா. கொழந்த உங்க வயித்துல ஒரு பயறு அளவு கீறப்பவே, அதுக்குப் பிடரி கிட்டேர்ந்து ஒரு கூட்டம் கெளம்பும். செல்லுங்க. கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோ பொடிசு. கொடல் ஆரம்பிக்கிற எடத்துல நொழைஞ்சு கடைசி வரைக்கும் அதுங்க நடக்கணும். முன்னாடி போறத ஒரு வாசனை இழுக்கும். பின்னாடி வர்றது நெருக்கித் தள்ளும். போற வழி பூரா ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். கொஞ்சம் பேரு அங்கங்க உக்காந்துப்பாங்க, மீதிப் பேரு நடப்பாங்க. அவங்க உக்கார்ற எடத்துலதான் கொடல் அசையும், உள்ள கீறத கீழ தள்ளும்."

"யாரு டாக்டர் அதுங்களுக்கு வழி சொல்றது?" என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் வழி சொல்லியே காலம் தள்ளுகிறவனுக்கு அதுதானே கேட்கத் தோன்றும்.

"யாரும் சொல்ல வேணாம்ங்க. வழியே இழுத்துகினு போவும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அம்சாவைப் பார்த்தார். "இவனுக்கும் கெளம்பிச்சு. முக்கால்வாசி தூரம் ஒழுங்காத்தான் வந்துச்சு. கடைசி கொஞ்ச தூரத்துக்கு வரல."

"வரலயா?"

"ஆங். வந்து சேரல. அதனாலதான் அந்த எடம் அசையாம இறுக்கிப் புடிச்சிகினு கீது. மேலேர்ந்து வர்றது வெளிய போவ மாட்டேங்குது."

அந்த வெள்ளை முடியையும் தடவிப் பார்த்தார். முடிக்குக் கறுப்பு நிறம் கொடுப்பதும் அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து தோல் பக்கம் போகிறவைதானாம். நெற்றிக்கு மேலே அவையும் வரவில்லையாம். அம்சாவின் முகம் சுருங்கிப்போனது. விபூதி இல்லையா என்று அவள் கேட்கவில்லை.

"நான் இன்னா தப்பு பண்ணேன் டாக்டரம்மா? முழுகாம கீறப்ப கரும்புக் கொல்லைக்குப் போனேன். மருந்து அடிச்சிகினு இருந்தாங்க."

"நீங்க ஒண்ணுமே பண்ணலம்மா. அது யாரு கையிலயும் இல்ல."

"இப்ப அதுங்க எது வரைக்கும் வந்துகீது?"

டாக்டர் குழந்தையின் சட்டையை விலக்கி, இடது பக்கம் அடிவயிற்றில் ஒரு விரலை வைத்தார். "இது வரைக்கும்." அம்சா அவர் விரல் எடுத்த இடத்தில் தன் விரலை வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். அசையாத அந்தக் கடைசித் துண்டை எடுத்துவிட்டு, மேலே இருக்கும் நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைப்பார்களாம். அதற்குக் கொஞ்சம் எடை ஏற வேண்டும், ஆனி மாதம் வைத்துக்கொள்ளலாம். அதுவரை தினமும் மெல்லிய குழாய் வைத்து, உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி எடுக்க வேண்டும். அதை அம்சாவுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். "காய்ச்சல் வந்தா, வயிறு உப்பினா, நாத்தமா வயித்தால போச்சுன்னா, எதையும் யோசிக்காதீங்க, தூக்கிகினு ஓடியாந்துடுங்க" என்றும் டாக்டர் நஸியா சொன்னார். சொல்லவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மூன்று பேரும் தலையாட்டினோம். அம்சா தலையாட்டும்போது அவள் கண் அந்த விரல் மேலேயே இருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் அம்சா கேட்டாள். "ஏங்க, ஆனிக்குள்ள அதுங்க வந்து சேர்ந்துட்டா ஆபரேஷன் வேணாம் இல்ல?"

கஜபதி யோசித்துவிட்டு, "வரலன்னுதானே சொன்னாங்க. வந்துடுச்சுன்னா எதுக்கு அறுக்கப் போறாங்க?" என்றான். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. கூட்டம் கிளம்பிவிட்டது, முக்கால்வாசி வந்துவிட்டது, கடைசியில் கொஞ்சம் தேங்கி நிற்கிறது. மலையிலே கூட்டம் தேங்காத கிருத்திகை உண்டா? தேங்கினால் என்ன, நகரும்.

குழந்தைக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பார்கள். அம்சா தன் மகனுக்கு அடிவயிற்றில் இன்னொரு பொட்டு வைத்தாள். டாக்டர் தொட்ட அதே இடத்தில், கண்மையால். தினமும் குளிப்பாட்டியதும் வைப்பாள். ஒரு நாள் நான் போனபோது பொட்டு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"போன வாரம் மேல இருந்துச்சே?"

"வந்துகினு கீதுண்ணா. இப்பல்லாம் கொழா வச்சா சுளுவா வருது." பிறகு குழந்தையின் வயிற்றுக்குக் குனிந்து, "வாங்க நைனா, வாங்க. தண்ணிப் பந்தல் தாண்டியாச்சு. இன்னும் ரவ தூரம்தான், கால் வலிக்குதுன்னு உக்காந்துடாதீங்க" என்றாள். மூச்சுக் காற்று பட்டுக் கூச, இளம்பரிதி கெக்கெக்கே என்று சிரித்தான்.

அவன் சிரிப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். என் ஜூஸ் மெஷின் சக்கரத்தில் சலங்கை கட்டியிருக்கிறேன். அது சுற்றினால் ஜல் ஜல்லென்று சத்தம் வரும். அம்சா அவனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வரும்போதெல்லாம், சலங்கைச் சத்தம் கேட்டதும் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு சிரிப்பான். அவன் சிரிக்க வேண்டும் என்று கரும்பே இல்லாமல் வெறும் மெஷினைச் சுற்றியிருக்கிறேன். என் மனைவி பிரேமா, "மோட்டார் போயிடும்யா" என்று தலையில் அடித்துக்கொள்வாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவனை இடுப்பிலிருந்து இறக்க மனம் வராமல் கடைசி பஸ் வரை வைத்திருப்பவளும் அவள்தான்.

வைகாசி பிறந்து வெயில் மண்டையைப் பிளந்த ஒரு காலையில் போன் வந்தது. அம்சாவுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணா! போயிட்டாண்ணா! தானா போயிட்டான்!"

"இன்னாடி சொல்ற?"

"கொழா வக்கில, ஒண்ணும் வக்கில. தானா போயிட்டான்! பீச்சி அடிச்சுட்டான், பாய் பூரா. வயிறு வடிஞ்சு ஒட்டிக்கிச்சு. வந்து சேர்ந்துடுச்சுண்ணா!" சொல்லிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஜூஸ் பிழிந்து கொடுத்தேன், யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. இன்னா விசேஷம் என்று கேட்டவர்களிடம், "எந்தங்கச்சி புள்ள தானா வெளிய போயிட்டான்யா!" என்று கத்தினேன். பஸ் ஸ்டாண்டே சிரித்தது. ஒரு பிள்ளை பேண்டதற்கு ஊருக்கே விருந்து வைத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். துளசிங்கம் ஐஸ் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று குடித்துவிட்டு, "உன் மருமவன் தெனம் போவட்டும்யா" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

பிள்ளை தானாகப் போனால் மறுநாளே படியேறி வந்து மொட்டை போடுவதாக அம்சா வேண்டியிருந்தாள். சொன்னபடியே மறுநாள் காலையில் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். அம்சா மஞ்சள் புடவையில் இருந்தாள், கஜபதிக்கு வாயெல்லாம் பல். குழந்தை மட்டும் துவண்டிருந்தான். சலங்கையை ஆட்டிக் காட்டினேன். திரும்பிப் பார்த்தான், சிரிக்கவில்லை.

"இன்னாம்மா, சொணங்கிகீறான்?"

"ராவெல்லாம் போயிகினே இருந்தாண்ணா, தூக்கமில்ல."

"அவ்ளோ போலாமா? நாத்தம் வேற ஒரு மாதிரி கீதே."

"இத்தினி மாசமா அடைச்சிகினு இருந்தது எல்லாம் வரணும் இல்ல? பழசுண்ணா, நாறாம மணக்குமா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் யார் என்ன சொல்ல முடியும்? அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு நியாயம் இருந்தது.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முடி எடுப்பார்கள். மலை மேல் மொட்டைக் கொட்டகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவனை மடியில் வாங்கினேன். வேட்டியைத் தாண்டி என் தொடையில் சூடு இறங்கியது.

"மாப்ள, ஒடம்பு நெருப்பா சுடுதுய்யா."

"படி ஏறி வந்த வெயிலு பாவா. எனக்கே சுடுது" என்று கஜபதி தன் கையை நீட்டினான்.

முடி எடுப்பவர் அவன் தலையைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே, "முடி எறங்குனா சூடும் எறங்கிடும்ங்க" என்றார்.

"அந்த வெள்ளைய மட்டும் கடைசில எடுங்க" என்றாள் அம்சா. என்னைப் பார்த்து, "இனிமே முளைக்கறது கறுப்பாத்தான் வரும், பாத்துகினே இரு. அதுங்களும் வந்துடும்" என்றாள்.

பத்து விரலாலும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கத்தி பட்டால் எந்தப் பிள்ளையும் ஊரைக் கூட்டும். சுற்றிலும் அத்தனை பிள்ளைகளும் அலறிக்கொண்டிருந்தன. இவன் அழவே இல்லை. கண்ணைப் பாதி திறந்து என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாக அந்த வெள்ளைக் கொத்து என் வேட்டியில் விழுந்தது. "சமத்துப் புள்ள, வாயே தொறக்கல பாரு" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அம்சாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மொட்டைத் தலையில் சந்தனத்தைக் குழைத்துப் பூசினோம். தரிசனம் முடித்து வெளியே வந்து படியிறங்கும்போது, கஜபதியின் தோளில் அவன் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஈரமாகப் பூசிய சந்தனம் அதற்குள் காய்ந்து, வெடித்துப் பாளம் பாளமாக உதிர்ந்துகொண்டிருந்தது. சட்டையைத் தூக்கினேன். வயிறு கல் மாதிரி உப்பி நின்றது.

"ஓடு!" என்று கத்தினேன். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

மலையடிவாரத்தில் ஜுபைர் மெக்கானிக் கடை இருக்கிறது. என் மெஷின் மோட்டாருக்கு அவன்தான் வைத்தியர். நாங்கள் ஓடி வருவதைப் பார்த்ததும், யாரோ ரிப்பேருக்கு விட்டிருந்த காரை வெளியே எடுத்து, கிரீஸ் கையோடு சென்னைக்கு ஓட்டினான். கனகம்மாசத்திரம் தாண்டும்போது குழந்தை ஒரு தடவை முனகினான். "கேக்குதா, அழறான், நல்லாகிகினு கீறான்" என்று அம்சா எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். ஜுபைர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நஸியா ஓடி வந்து துணியை விலக்கினார். அவர் கை அப்படியே நின்றது. பொட்டு இப்போது தொடைக்கு நடுவே, குடல் முடிகிற இடத்தில் இருந்தது.

"இது இன்னாம்மா?"

"அதுங்க வந்து சேர்ந்த எடம் டாக்டரம்மா" என்றாள் அம்சா. "நீங்கதான் மொதல்ல தொட்டுக் காமிச்சீங்க. அங்கேர்ந்து தெனம் ரவ ரவயா எறங்கிச்சு. நேத்துதான் வந்து சேர்ந்துச்சு. அதான் தானா போனான்."

டாக்டர் குழந்தையை வாரிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே வந்தபோது அவர் முக்காடு வியர்வையில் நனைந்திருந்தது. குழந்தை தானாகப் போகவில்லை என்றார். உள்ளே தேங்கியது அழுகிக் குடலைப் புண்ணாக்கி, அந்த விஷம் பீச்சிக்கொண்டு வந்திருக்கிறது, இப்போது இரத்தத்திலும் ஏறிவிட்டது என்றார். நாற்றமாக வயிற்றால் போனால் ஓடி வரச் சொன்னேனே என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"அது வேற, இது வேறன்னு நெனச்சுட்டோம் டாக்டரம்மா" என்றாள் அம்சா. "வந்துடுச்சுன்னு நெனச்சுட்டோம்."

"அது வராதும்மா. அதுங்க நடக்கறதெல்லாம் உங்க வயித்துல மூணு மாசத்துக்குள்ளயே முடிஞ்சுபோச்சு. எங்க நின்னுச்சோ, அங்கயேதான். அதுக்கப்புறம் ஒரு அடி நவராது. நான் அன்னிக்கே சொன்னேனே, வரலன்னு."

எனக்கு வந்ததே கோபம். "வரலன்னா வரும்னுதானே அர்த்தம்!" என்று கத்தினேன். வராண்டாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். "பஸ் வரலன்னா இன்னா அர்த்தம்? மழை வரலன்னா இன்னா அர்த்தம்? எந்த ஊர்ல வரலன்னா வராதுன்னு அர்த்தம்? நீயும் எங்க பக்கத்துப் பொண்ணுதானே? உனுக்குத் தெரியாதா?"

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "வராதுன்னு சொல்லியிருக்கணும்ங்க" என்றார். "பச்ச ஒடம்புக்காரி, அப்டி பட்டுன்னு சொல்ல மனசு வரல. வராதுன்னுதான் சொல்லியிருக்கணும்." அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. என் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் நின்றேன். இந்தப் பெண்ணை எப்படி அடிப்பது? எங்கள் மேல் இரக்கப்பட்டது தவிர அது வேறென்ன செய்தது?

அம்சா எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. தன் விரல் நுனியில் ஒட்டியிருந்த மையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருப்பதாகச் சொன்னார்கள். கழுவிவிட்டிருக்கிறோம், மருந்து ஏறுகிறது, வயிறு வடிந்து தானாக வெளியே போக ஆரம்பித்தால் நல்லது, பார்க்கலாம் என்றார்கள். அம்சாவின் முகத்தில் திரும்பவும் அந்த வெளிச்சம் வந்தது. "அண்ணா, ஊருக்குப் போயி மாத்துத் துணி எடுத்தாந்துடு. அவனுக்கு ஒரு குல்லாவும் வாங்கிகினு வா. மொட்டத்தலைக்கு இந்த ஏ.சி. குளுரும்" என்றாள்.

திருத்தணியில் இறங்கி முதல் வேலையாகக் குல்லா வாங்கினேன். நீல நிறம், உச்சியில் ஒரு குஞ்சம். கடையில் பிரேமா வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தாள், மெஷின் ஜல் ஜல்லென்று சுற்றிக்கொண்டிருந்தது. குல்லாவை அவளிடம் காட்டும்போதுதான் போன் அடித்தது.

"அண்ணா" என்றாள் அம்சா.

"சொல்லும்மா."

"போயிட்டாண்ணா."

கடவுளே, இந்தக் காதை என்ன செய்வது? அதே குரல், அதே வார்த்தை. காலையில் அவர்கள் சொன்னதுதான் என் மண்டையில் இருந்தது.

"போயிட்டானா! தானாவா?" என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். பிரேமா இரண்டு கையையும் கூப்பி மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்தப் பக்கம் துளசிங்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ஆங்" என்றாள் அம்சா. "தானா போயிட்டாண்ணா."

"நல்லா போனானா? வயிறு வடிஞ்சுச்சா?"

அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு ஆள் பெருங்குரலெடுத்து, "நைனா! நைனா!" என்று அலறுவது கேட்டது. யார் அது என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. கஜபதி அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டதே இல்லை.

பிரேமா என் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினாள். சக்கரம் உடனே நிற்காது. சலங்கை கொஞ்ச நேரம் தானாகக் குலுங்கிவிட்டுத்தான் அடங்கியது.

அப்போது ஒரு மனிதர், தோளில் பையோடு வேகமாக வந்து நின்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? "அண்ணே, பொதட்டூர்பேட்டை பஸ் இன்னும் வரலீங்களா?" என்று கேட்டார்.

குல்லா என் கையில் இருந்தது. "வராது" என்றேன். "இனிமே வராதுய்யா. வரும் வரும்னு நின்னுகினே இருக்காத. வராது."